பழசைச் சரிபண்ணப் போய்ப் பாழாக்கும் தவறுகள்

உளியின் முனையைச் சாணைச் சக்கரத்தில் வைத்திருந்தேன். முதலில் வைக்கோல் நிறம் வந்தது. அப்புறம் பழுப்பு, ஊதா. இன்னும் கொஞ்சம்தானே என்று அழுத்தினேன். ஓரத்தில் நீலம் ஓடிய பிறகுதான் கையை எடுத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் மரத்தில் வைத்து நாலு தட்டு தட்டியதும் விளிம்பு தகரம் மாதிரி மடங்கிவிட்டது. தாத்தா காலத்திலிருந்து உழைத்த உளி. அதைக் கெடுக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

உளி செய்தவர் அந்த எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தோய்த்து, பிறகு மிதமாகச் சூடேற்றிப் பதம் வைத்திருப்பார். கார்பன் எஃகில் வைக்கோல் நிறம் தெரிவது ஏறக்குறைய 220 டிகிரி செல்சியஸில். நீலம் தெரிவது 300 டிகிரியை ஒட்டி. நீலம் வந்த இடத்தில் பதம் இறங்கிவிட்டது. உடனே தண்ணீரில் முக்கினாலும் பயனில்லை. நிறத்தை உப்புத்தாளால் தேய்த்துப் போக்கலாம், போன கடினம் வராது. நீலம் பட்ட பகுதி முழுவதையும் தேய்த்துத் தள்ளி, பின்னால் இருக்கும் நல்ல எஃகை எட்டவேண்டும். என் உளி அப்படித்தான் ஒரு விரல் நகத்தின் அளவு குட்டையானது. முனை உடைந்து பல் பல்லாகப் போயிருந்தால் ஒழியச் சக்கரமே வேண்டாம், கையால் தேய்க்கும் கல் போதும். சக்கரம்தான் என்றால் லேசாகத் தொட்டுத் தொட்டு எடுத்து, இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்குங்கள். முனைக்குப் பக்கத்தில் ஒரு விரல் இருக்கட்டும். விரல் பொறுக்காத சூடு வந்தால் நிறுத்த வேண்டியதுதான்.

பழைய பொருட்களைச் சரிசெய்வதில் நான் செய்த தவறுகளும், பிறர் செய்து பார்த்த தவறுகளும் பெரும்பாலும் இதே சாதி. திரும்பி வர வழியில்லாத காரியத்தை எடுத்த எடுப்பிலேயே செய்துவிடுவது. துடைப்பது, படம் எடுப்பது, அளந்து பார்ப்பது எல்லாம் திரும்பி வரக்கூடியவை. தேய்ப்பது, அறுப்பது, அமிலத்தில் போடுவது, அழிப்பது அப்படியல்ல.

துரு

பழைய ஸ்பேனரை வினிகரில் ஊறப்போடுவது நல்ல வழிதான். போட்டுவிட்டு மறப்பதுதான் கெட்ட வழி. அமிலத்துக்குத் துரு வேறு, இரும்பு வேறு என்ற பாகுபாடெல்லாம் ரொம்ப நேரம் இருக்காது. துரு தீர்ந்ததும் நல்ல இரும்பைக் கடிக்கத் தொடங்கும். ஒரு வாரம் கழித்து எடுத்தால் சாம்பல் நிறத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகளோடு வரும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்துவிட்டு மறுபடி போடுங்கள். துத்தநாகப் பூச்சு உள்ள பொருளை அமிலத்தில் போடவே கூடாது, முதலில் கரைவது அந்தப் பூச்சுதான். ஸ்பிரிங், ரம்பத் தகடு போன்ற கடினமாக்கிய எஃகையும் ஊறப்போடாதீர்கள். அமில வேலையில் உண்டாகும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை நொறுங்கும் தன்மைக்குக் கொண்டுவந்துவிடும். இவற்றுக்கு எண்ணெய் தடவி, மெல்லிய உப்புத்தாளால் தேய்ப்பதே சரி.

எடுத்த பிறகு நடப்பதுதான் பலருக்குப் புரிவதில்லை. கழுவிக் காற்றாட வைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு உட்கார்ந்திருக்கும். கழுவி, சோடா உப்புக் கரைசலில் முக்கி அமிலத்தை முறித்து, உடனே துடைத்துச் சூடு காட்டிக் காயவைத்து, அந்தச் சூட்டோடு எண்ணெய் தடவ வேண்டும். வினிகர் இருக்கும் பாத்திரத்தில் பிளீச்சிங் திரவத்தைக் கலந்தால் குளோரின் வாயு வரும். ‘இரண்டும் சுத்தம் செய்வதுதானே’ என்று நினைக்கவே வேண்டாம். மின்சாரம் பாய்ச்சித் துரு எடுப்பவர்கள் எதிர்த்தகடாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போடக்கூடாது. அதிலிருந்து நச்சான குரோமியம் நீரில் இறங்கும். சாதாரண இரும்புத் துண்டு போதும்.

அப்புறம், கறுப்பாக இருப்பதெல்லாம் துரு அல்ல. பல வருடம் கைபட்டு வந்த கரும்பழுப்புப் படலம் இரும்புக்கு ஓரளவு காவல். அதைப் பளபளப்பாக்குகிறேன் என்று செய்தவரின் முத்திரையையும் சேர்த்து வழித்துவிட்ட இழைப்புளிகளைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

எண்ணெய் என்றால் எல்லாம் எண்ணெய் அல்ல

டபிள்யூ.டி-40 டப்பா இருந்தால் போதும் என்று ஒரு நம்பிக்கை. அந்தப் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: 1953-இல் ஈரத்தை விரட்டுவதற்காகக் கண்டுபிடித்த நாற்பதாவது கலவை என்பதுதான் அதன் பொருள். இறுகிய நட்டைத் தளர்த்த, ஈரத்தை வெளியேற்ற, பிசுக்கைக் கரைக்க அது அருமையானது. ஆனால் அடித்ததில் பெரும்பகுதி ஆவியாகிவிடும், மிஞ்சுவது மெல்லிய படலம். நாள் முழுக்கச் சுழலும் பேரிங்குக்கு அது போதாது. அடித்ததும் சத்தம் நிற்கும்; உள்ளே இருந்த பழைய கிரீஸும் கரைந்து வழிந்துவிடும்; கொஞ்ச நாளில் சத்தம் முன்பைவிடப் பலமாக வரும்.

தையல் மெஷின் இறுகிக் கிடந்தால் சமையல் எண்ணெயை ஊற்றுவது இன்னொரு பழக்கம். அன்றைக்கு ஓடும். சமையல் எண்ணெய்கள் பலவும் காற்றுப் பட்டுப் பட்டு வார்னிஷ் போலப் பிசினாகிவிடும். சில மாதம் கழித்து சக்கரத்தைக் கையால் திருப்பக்கூட முடியாது. பெரும்பாலும் அப்படி நின்றுபோன மெஷினுக்குப் பழுதே இருக்காது, பழைய எண்ணெய் காய்ந்த பிசுக்குதான். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அதைத் துடைத்தெடுத்துவிட்டு, அசையும் இடங்களில் நிறமில்லாத மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விடுங்கள். ஊற்றினால் துணியில் கறைதான் மிச்சம்.

சுத்தியல் தலை ஆடினால் இரவு முழுக்கத் தண்ணீரில் போடச் சொல்வார்கள். பிடியின் மரம் ஊதி, இரும்பு ஓட்டைக்குள் நெருக்கிக்கொள்ளும். ஊத இடமில்லாத மர நார்கள் அங்கே நசுங்கிப்போகும். காய்ந்ததும் முன்பு இருந்ததைவிடச் சிறுத்துவிடும். அடுத்த வாரம் தலை பறந்து யார் மேலாவது விழலாம். ஒரு புது ஆப்பு அடித்தால் வேலை முடிந்தது. பிடிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால், துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணிக்குள் சூடு தேங்கித் தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் நனைத்துவிடுங்கள்.

திருகாணிகள்

கூட்டல் குறி போட்ட திருகாணிகள் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். ஆனால் ஜப்பானியப் பழைய கேமரா, தையல் மெஷின், மோட்டார் சைக்கிள் ஆகியவற்றில் இருப்பது பல சமயம் வேறு அளவுமுறை. தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருந்தால் அதுதான். சாதாரண பிலிப்ஸ் முனை அதில் அடிவரை இறங்காது, திருப்பினால் வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். ஒருமுறை சிதைந்தால் அப்புறம் துளைபோட்டு எடுக்க வேண்டிய கதைதான். இறுகிய திருகாணிக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி சும்மா இருங்கள். காலையில் முனையைப் பொருத்தி, பிடியின் மேல் இரண்டு தட்டு, அப்புறம் முழு எடையும் கொடுத்து அழுத்தியபடி திருப்புங்கள். திருப்புவதைவிட அழுத்துவதில்தான் பலம் போக வேண்டும்.

மடிக்கணினி ஒன்றைக் கழற்றிப் பதினான்கு திருகாணிகளையும் ஒரே கிண்ணத்தில் போட்டேன். எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன, என் கண்ணுக்கு. மாட்டும்போது ஒன்று கொஞ்சம் இறுக்கமாகப் போனது. தூசிதான் என்று நினைத்து அழுத்தித் திருப்பினேன். இரண்டு மில்லிமீட்டர் நீளமான அந்தத் திருகாணி கைவைக்கும் பக்கத்தில் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. பிளாஸ்டிக்கோடு போனது என் அதிர்ஷ்டம். கைப்பேசியில் இதே தவறு போர்டின் உள்ளே ஓடும் மெல்லிய செம்புத் தடங்களை அறுத்துவிடும். இப்போது ஒரு காகிதத்தில் அடிப்பக்கத்தை வரைந்து, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வைக்கிறேன்.

மின்சாரமும் பேட்டரியும்

ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரியதாகப் போடுவதோ, கம்பியைச் சுற்றுவதோ தவறு என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் செய்கிறார்கள். அது போவது ஏன் என்றுதான் தேட வேண்டும். அடாப்டரில் வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், பிளஸ் மைனஸ் எந்தப் பக்கம் என்பதும் பொருந்த வேண்டும். ஆம்பியர் அதிகமாக இருக்கலாம், குறையக் கூடாது. மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் உறுப்பான கெப்பாசிட்டர் வீங்கியிருந்து மாற்றும்போது, அதன் கொள்ளளவைச் சொல்லும் மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்ட் அதே அளவு அல்லது அதிகம்.

மைக்ரோவேவ் அடுப்பை மட்டும் திறக்காதீர்கள். அதன் கெப்பாசிட்டரில் இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கலாம். பழைய குழாய் டிவியும் இந்தப் பட்டியலில்தான். கேமராவின் ஃபிளாஷில் முந்நூறு வோல்ட் அளவுக்கு நிற்கும்.

ரேடியோ, ரிமோட் போன்றவற்றில் அல்கலைன் செல் கசிந்து வெள்ளையாகப் பூத்திருந்தால் கத்தியால் சுரண்டாதீர்கள்; தகட்டின் மேல்பூச்சு போனால் பிறகு துருதான். வெள்ளைப் பூச்சு காரத்தன்மை உடையது. பஞ்சில் வினிகர் தொட்டுத் துடைத்தால் நுரைத்துக் கரையும். கடைசியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள்.

கம்பியில்லா டிரில்லில் பழைய நிக்கல்-காட்மியம் செல்கள் செத்துவிட்டால், உள்ளே லித்தியம் செல்களைப் போட்டுப் பழைய சார்ஜரிலேயே மாட்டுவதுதான் எனக்குத் தெரிந்து மிக ஆபத்தான தவறு. லித்தியம் செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்தான் எல்லை. பழைய சார்ஜருக்கு அந்த எல்லை தெரியாது. அது ஏற்றிக்கொண்டே இருக்கும், கடைசியில் தீப்பிடிக்கும். மாற்றுவதென்றால் லித்தியத்துக்கான சார்ஜரும், அளவுக்கு மேல் ஏறாமல் செல்களைக் காக்கும் போர்டும் சேர்ந்தே வர வேண்டும். சரி, கம்பி வழியாகவே ஓட்டலாம் என்று சின்ன அடாப்டரை மாட்டினாலும் டிரில் முனகிவிட்டு நிற்கும், ஏனென்றால் சுமை ஏறும்போது அது பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

வீங்கிய லித்தியம் பேட்டரியைக் குத்திக் காற்றை வெளியேற்றச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். சார்ஜ் போடுவதை நிறுத்தி, எரியும் பொருட்களிடமிருந்து தள்ளி வைத்து, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

பழைய கைப்பேசி, பழைய கணினி

நனைந்த கைப்பேசியை அரிசியில் புதைப்பது வீண். 2024-இல் ஆப்பிள் நிறுவனமே அப்படிச் செய்ய வேண்டாம் என்று சொன்னது; அரிசித் தூள் உள்ளே போகும். கெடுப்பது தண்ணீரைவிட, அதில் கரைந்த உப்புகளும் அவற்றின் மேல் பாயும் மின்சாரமும்தான். எனவே முதலில் அணைக்க வேண்டும். ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆன் செய்து பார்ப்பதில்தான் பல கைப்பேசிகள் போய்ச் சேர்கின்றன.

பழைய கைப்பேசியைக் கண்காணிப்புக் கேமராவாக மாற்றுவது எனக்குப் பிடித்த வேலை. ஆனால் இரவு பகலாகச் சார்ஜரிலேயே நூறு சதவீதத்தில் சூடாக வைத்திருந்தால் பேட்டரி வீங்கத் தொடங்கும். 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் ஒரு டைமர் பிளக் மாட்டுங்கள். பயன்படுத்தாமல் பெட்டிக்குள் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் வையுங்கள். முழுதும் தீர்ந்த நிலையில் வருடக்கணக்கில் கிடந்த செல் உள்ளுக்குள் கெட்டிருக்கும், அதை எழுப்ப முயல வேண்டாம். பாதுகாப்பு அப்டேட் நின்றுபோன கைப்பேசியில் வங்கிச் செயலியும் வேண்டாம்.

மடிக்கணினி மெதுவானால் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு, சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி போடுவதுதான் பெரும்பாலும் நல்ல மருந்து. ராம் வாங்கும் முன் திறந்து பார்த்துவிடுங்கள். பல மாடல்களில் அது போர்டோடு சேர்த்துச் சால்டர் செய்யப்பட்டிருக்கும், வாங்கியது கையில் நிற்கும். தூசி ஊதும்போது விசிறியை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள்; காற்றில் தாறுமாறாகச் சுழன்றால் அதன் பேரிங் கெடும். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால், புதிய விண்டோஸ் ஏறாத கணினிகளில் பலர் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் முதலில் யுஎஸ்பியிலிருந்து ஓட்டி வைஃபை, ஒலி எல்லாம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். அதற்குள் ‘டிஸ்கை முழுவதும் அழி’ என்ற பொத்தானை அமுக்கிவிட்டு, பத்து வருடப் புகைப்படங்கள் அதிலேதான் இருந்தன என்று பிறகு நினைவுக்கு வருபவர்கள் உண்டு.

ஆண்ட்ராய்டு கைப்பேசியை வேறொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால், ரீசெட் செய்வதற்கு முன்பே கூகுள் கணக்கை அதிலிருந்து நீக்குங்கள். அமைப்புகளுக்குள் போகாமல், பொத்தான்களை அமுக்கித் திறக்கும் ரெக்கவரி திரை வழியாக நேரே ரீசெட் செய்தால், வாங்கியவர் ஆன் செய்ததும் அது உங்கள் பழைய கணக்கையும் கடவுச்சொல்லையும் கேட்டுக்கொண்டு நிற்கும்.