சிசியில பலூன் ப்ராஜெக்ட் பண்ணப் போறீங்களா, மொதல்ல எங்க விழும்னு பாருங்க

பலூன்ல கேமராவும் கருவியும் வச்ச ஒரு பெட்டிய கட்டி மேல அனுப்பி, 30 கிலோமீட்டர் உயரத்துல இருந்து பூமியோட வளைவு தெரியுற மாதிரி எடுத்த வீடியோவ பாத்துட்டு, நம்ம சமூக மன்றத்துலயும் (சிசி) பிள்ளைங்கள வச்சு இத பண்ணலாமேன்னு நிறைய பேர் கேக்குறாங்க. தாராளமா பண்ணலாம். மன்றத்தோட இந்தியர் நற்பணிச் செயற்குழு ஆதரவு, சோல்டரிங் தெரிஞ்ச ரெண்டு மூணு பெரியவங்க, ஆர்வமுள்ள உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைங்க இருந்தா ஆரம்பிச்சிடலாம். ஆனா எல்லாரும் கேக்குற மொத கேள்வி எவ்ளோ உயரம் போகும்ங்கறது. சிங்கப்பூர்ல இருக்கவங்க கேக்க வேண்டியது எங்க வந்து விழும்ங்கறது.

கணக்கு போட்டு பாருங்க. லேடெக்ஸ் (ரப்பர்) பலூன் நொடிக்கு சுமார் 5 மீட்டர் வேகத்துல ஏறும், 30 கிமீ தொட 100 நிமிஷம் ஆகும், அப்புறம் வெடிச்சு பாரசூட்ல எறங்க இன்னும் அரை மணி முக்கா மணி, அவ்ளோ நேரமும் காத்து தள்ளிக்கிட்டே இருக்கும். நம்ம தீவு கிழக்கு மேற்கா 50 கிமீ, வடக்கு தெற்கா 27 கிமீ தான். பெட்டி மலேசியாவோட ஜோகூர்ல விழலாம், இந்தோனேசியாவோட பாத்தாம் தீவு பக்கம் போகலாம், பெரும்பாலும் கடல்தான். இதுல சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கான்னு சுத்தி விமான நிலையமும் விமானப்படை தளமும் வேற இருக்கு. சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தோட அனுமதி இல்லாம பறக்க விட நெனைக்கவே நெனைக்காதீங்க, சின்ன பலூன்தானேன்னு சமாதானமும் சொல்லிக்காதீங்க. சர்வதேச விதிப்படி வானிலை ஆய்வுக்கான இலகுரக பலூனுக்கு மட்டும்தான் விலக்கு, மத்த பலூன் இன்னொரு நாட்டு எல்லைக்குள்ள போகணும்னா அந்த நாட்டு அனுமதியும் வேணும்.

அதனால நான் எல்லாருக்கும் சொல்ற வழி ஒண்ணுதான், பெட்டிய இங்க செய்ங்க, அங்க பறக்க விடுங்க. அங்கன்னா ஆஸ்திரேலியா மாதிரி பரந்த நெலம் இருக்கற, முறைப்படி அனுமதி வாங்கி பலூன் விடுற அமெச்சூர் ரேடியோ (பொழுதுபோக்கா ரேடியோ இயக்குறவங்க) குழுக்கள் இருக்கற நாடு. தெற்கு ஆஸ்திரேலியாவுல அமெச்சூர் ரேடியோக்காரங்க நடத்துற ப்ராஜெக்ட் ஹோரஸ் பல வருஷமா பறக்க விடுறாங்க, அந்த மாதிரி குழுக்களுக்கு மரியாதையா ஒரு மெயில் போட்டு "உங்க பலூன்ல எங்க பெட்டியயும் ஏத்துவீங்களா"ன்னு கேளுங்க. எடை, அளவு, ரேடியோ அலைவரிசை மூணையும் மொத மெயில்லயே எழுதிடுங்க, அப்பதான் அவங்களால சட்டுனு பதில் சொல்ல முடியும்.

இங்க பறக்க விட முடியலையேன்னு பிள்ளைங்க மொகம் வாடும். அப்ப இத சொல்லுங்க: நம்ம வானிலை ஆய்வகம் தினமும் ரெண்டு தடவ ரேடியோசோண்ட் (வெப்பநிலை, காத்து எல்லாம் அளந்து ரேடியோவுல அனுப்புற கருவி) கட்டுன பலூன் விடுது. பூமத்தியரேகைக்கு மேல ஸ்ட்ராடோஸ்பியர்ல (மேகங்களுக்கு மேல இருக்கற காத்து அடுக்கு) ஏறக்குறைய 28 மாசத்துக்கு ஒரு தடவ காத்து கிழக்குல இருந்து மேற்குன்னு தெசை மாறி மாறி வீசுற ஒரு சுழற்சி இருக்கு, 1976ல இருந்து உலகத்துல இருக்கற ஆராய்ச்சியாளர்கள் அத கணக்கு பாக்குறது சிங்கப்பூர் பலூன் குடுக்குற காத்து அளவ வச்சுதான். நம்ம தலைக்கு மேல ஏறுற பலூன் அது! அமெரிக்காவோட வயோமிங் பல்கலைக்கழக இணையதளத்துல நிலைய எண் 48698 போட்டா அந்த டேட்டா இலவசமா கெடைக்கும். மொத ரெண்டு மூணு வாரம் இத டவுன்லோட் பண்ணி உயரம், வெப்பநிலை, காத்துன்னு கிராஃப் போட வைங்க, ஒரு வெள்ளி செலவில்ல, ஆனா சுமார் 17 கிமீல வெப்பநிலை மைனஸ் 80 டிகிரி கிட்ட போறத அவங்களே கண்டுபிடிப்பாங்க.

இப்ப பெட்டி. ஸ்டைரோஃபோம்தான் நல்லது, லேசா இருக்கும், குளிரையும் தாங்கும். தேக்கா மார்க்கெட் மீன் கடையில சும்மா கெடைக்குதேன்னு எடுத்துட்டு வராதீங்க, ஆஸ்திரேலியா பயோசெக்யூரிட்டியில (நோய், பூச்சி உள்ள வராம தடுக்குற சோதனை) மாட்டும், புதுசா வாங்கிக்கோங்க. மொத்த எடை பாரசூட்டோட சேத்து 1 கிலோவுக்குள்ள அடங்கணும்னு மொத நாளே முடிவு பண்ணுங்க, இல்லன்னா ஆளாளுக்கு ஒரு சென்சார் சேப்பாங்க. ஆர்டுயினோ (சின்ன கம்ப்யூட்டர் போர்டு), ஜிபிஎஸ், லோரா மாட்யூல் (கம்மி கரண்ட்ல ரொம்ப தூரம் டேட்டா அனுப்புற ரேடியோ), வயர் எல்லாம் சிம் லிம் டவர்லயே சுத்தி வாங்கிடலாம், பிள்ளைங்கள கூட்டிட்டு போங்க, அதுவே ஒரு பாடம்.

ஜிபிஎஸ் விஷயத்துல கொஞ்சம் நிதானமா இருங்க. நிறைய ஜிபிஎஸ் சிப் 18 கிமீக்கு மேல போனா வேல செய்யறத நிறுத்திடும். ஏவுகணைக்கு பயன்படுத்தக் கூடாதுன்னு வந்த பழைய ஏற்றுமதிக் கட்டுப்பாட்டோட விளைவு அது. யூபிளாக்ஸ் கம்பெனி ஜிபிஎஸ் மாட்யூல்ல ஏர்போர்ன் மோடு (பறக்கறதுக்கான செட்டிங்) இருக்கு, அதுல போட்டா 50 கிமீ வரைக்கும் சொல்லும். ஆனா கரண்ட் போய் வந்தா அந்த செட்டிங் அழிஞ்சு பழைய மோடுக்கே போயிடலாம், அதனால கோடுல ஒவ்வொரு தடவ ஆன் ஆகும்போதும் அந்த கமாண்ட திரும்ப அனுப்பணும், அனுப்புனா மட்டும் போதாது, மாட்யூல் ஏத்துக்கிச்சான்னு பதில வாங்கிப் பாக்கணும், வரலன்னா மறுபடி அனுப்பணும். இந்த பத்து வரி கோடுதான் ப்ராஜெக்டோட உயிர், இத ஒரு பிள்ளை எழுதட்டும், இன்னொரு பிள்ளை செக் பண்ணட்டும்.

பேட்டரிக்கு ரீசார்ஜபிள் வேணாம், டபுள் ஏ சைஸ் லித்தியம் பேட்டரி போடுங்க, மைனஸ் 40 வரைக்கும் தாங்கும். அல்கலைன் குளிர்ல படுத்துடும். லோராவுக்கு நம்மூர்ல 920ல இருந்து 925 மெகாஹெர்ட்ஸ், ஆஸ்திரேலியாவுல 915ல இருந்து 928, ரெண்டுலயும் அடங்குற ஒரு எண்ண செட் பண்ணா இங்க சோதிச்சத அப்படியே அங்க கொண்டு போகலாம். எதுக்கும் பறக்க விடுற குழுகிட்ட அத உறுதி பண்ணிக்கோங்க.

அப்புறம் குளிர் சோதனை. வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 தான், பத்தாது. ட்ரை ஐஸ் மைனஸ் 78, அதாவது நம்ம வானத்துல ரொம்ப குளிரான அடுக்கு கிட்டத்தட்ட அதே அளவு. பெரிய பெட்டிக்குள்ள ட்ரை ஐஸ், அதுக்குள்ள நம்ம பெட்டிய வச்சு ரெண்டு மணி நேரம் ஓட விடுங்க. இத ஏர்கான் போட்டு மூடுன ரூம்ல செய்யாதீங்க, கார்பன் டை ஆக்சைடு சேந்து மூச்சு முட்டும், சிசிகிட்ட சொல்லிட்டு கூடைப்பந்து கோர்ட் மாதிரி தெறந்த எடத்துல பெரியவங்க தடிமனான க்ளவுஸ் போட்டு செய்யணும், மூடிய டேப் போட்டு இறுக்கவும் கூடாது. பெட்டிக்குள்ள வெப்பநிலை எவ்ளோ வேகமா எறங்குதுன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒரு பிள்ளை சத்தமா வாசிக்க இன்னொண்ணு எழுத, எந்த நிமிஷத்துல ஜிபிஎஸ் தடுமாறுதுன்னு அப்பதான் தெரியும்.

காஸ் கணக்கு ஈசி. 1 கன மீட்டர் ஹீலியம் சுமார் 1 கிலோவ தூக்கும். பலூன் 1.2 கிலோ, பெட்டி 1 கிலோ, நொடிக்கு 5 மீட்டர் ஏற இன்னொரு 1 கிலோ தூக்குவிசை, ஆக 3.2 கன மீட்டர் கிட்ட வேணும். தரையில 1.8 மீட்டர் அகலம் இருக்கற பலூன் வெடிக்கும்போது 8 மீட்டர் தாண்டிடும். பலூன் கழுத்துல 2 கிலோ எடைக்கு (பெட்டி 1, தூக்குவிசை 1) தண்ணி பாட்டில் கட்டி, அத சரியா தூக்கி நிறுத்துற வரைக்கும் காஸ் அடிக்கணும். ஹைட்ரஜன் மலிவுதான், ஆனா பிள்ளைங்க சுத்தி நிக்கிற எடத்துல வேணவே வேணாம். பலூன வெறுங்கையால தொடக்கூடாது, கையில இருக்கற எண்ணெய் பட்டாலே லேடெக்ஸ் வலுவிழந்துடும். 1 கிலோ பெட்டிக்கு 1 மீட்டர் பாரசூட் போதும், நொடிக்கு 5 மீட்டர்ல வந்து எறங்கும்.

சிலிண்டர் எல்லாம் அங்கயே வாங்கிக்கலாம். லித்தியம் பேட்டரிய கேபின் பேக்ல எடுத்துட்டு போங்க, பெட்டிய வயர் எல்லாம் தொங்க அப்படியே கொண்டு போகாம கழட்டி தனித்தனியா பேக் பண்ணுங்க.

பறக்க விடுற வாரம் தினமும் கேம்பிரிட்ஜ் மாணவர் குழு உருவாக்குன லேண்டிங் ப்ரெடிக்டர ஓட்டி பாருங்க, எங்க விழும்னு மேப்லயே காட்டும், ஊர் மேலயோ பெரிய ரோடு மேலயோ விழுற மாதிரி வந்தா அன்னிக்கு விடக்கூடாது, டிக்கெட் போட்டு போயிருந்தாலும் சரி. மேல இருக்கும்போது ரேடியோ 600 கிமீ தள்ளிகூட நேர் பார்வையில இருக்கும், தரையில விழுந்ததும் சில நூறு மீட்டருக்குள்ள போனாத்தான் கேக்கும், அதனால எறங்குறதுக்கு முன்னாடியே கார் அந்தப் பக்கம் போய் நிக்கணும். அடுத்தவங்க நெலத்துல விழுந்தா கேட்டுட்டுத்தான் உள்ள போகணும். பெட்டி மேல போன் நம்பரும், இது பள்ளிப் பிள்ளைங்களோட வானிலை கருவி, ஆபத்து இல்லன்னு இங்கிலீஷ்ல ஒரு லேபிளும் ஒட்டுங்க.

மெமரி கார்டு கைக்கு வந்ததும் வீடியோவ மட்டும் பாத்துட்டு விட்றாதீங்க. உங்க வெப்பநிலை கிராஃப், மொத வாரம் போட்ட 48698 கிராஃப், ரெண்டையும் ஒரே தாள்ல போடுங்க. குளிர்காலத்துல போயிருந்தா அங்க ரொம்ப குளிரான அடுக்கு பெரும்பாலும் நம்மூர விட கீழயே வந்திருக்கும், அவ்ளோ குளிரும் இருக்காது. வெயில் கொளுத்துற சிங்கப்பூருக்கு மேல ஏன் அதிக குளிர்னு பிள்ளைங்க கண்டிப்பா கேப்பாங்க. சூட்டுல காத்து மேல கெளம்புது, ஏற ஏற விரிஞ்சு குளிருது, இங்க அது ரொம்ப உயரம் வரைக்கும் ஏறுது, அதான் காரணம்.