ஒரே விண்மீன், மூன்று நிறைகள்: கோள் தேடுகிறவர்கள் முதிர்ந்த விண்மீனை அளப்பது எப்படி?

அன்னப்பறவை மண்டலத்தில் எச்டி 185351 என்றொரு விண்மீன் இருக்கிறது. நல்ல இருட்டில் வெறுங்கண்ணுக்கே தெரியும். 2014-இல் வெளியான ஆய்வில் அதற்கு மூன்று நிறைகள் வந்தன. நிறமாலையையும் பரிணாம மாதிரிகளையும் (விண்மீன் வயதாக ஆக எப்படி மாறும் என்று போடும் கணக்குகள்) வைத்துப் பார்த்தால் சூரியனைப்போல் 1.87 மடங்கு. விண்மீனின் அதிர்வுகளை மட்டும் நம்பினால் 1.99. குறுக்கீட்டுமானியில் (பல தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்து அளக்கும் கருவி) அளந்த விட்டத்தை அதிர்வோடு சேர்த்தால் 1.60. மூன்றுமே கவனமாகச் செய்த வேலை. எதையும் தூக்கிப் போட முடியாது.

புதிதாக வந்து சேர்கிறவர்கள் என்னிடம் "இந்த விண்மீனின் நிறை என்ன?" என்று கேட்டால், இந்த மூன்று எண்களையும் தாளில் எழுதிக் கொடுத்து "எந்த வழியில் வேண்டும்?" என்று திருப்பிக் கேட்பேன். பல ஆண்டுகளாக என் வேலையே இதுதான். கோளைக் கண்டுபிடிப்பவர்கள் வேறு ஆட்கள். அந்தக் கோளின் எண்களுக்கு அடியில் கிடக்கும் விண்மீனின் எண்களைச் சரிபார்ப்பது நான்.

ஆரத்திசைவேக முறையில் (கோள் இழுப்பதால் விண்மீன் நம்மை நோக்கியும் விலகியும் அசைவதை அளப்பது) கிடைக்கும் கோளின் குறைந்தபட்ச நிறை, விண்மீன் நிறையின் மூன்றில் இரண்டு படிக்கு ஏற்ப மாறும். மேலே சொன்ன விண்மீனுக்குக் கோள் எதுவும் தெரியவில்லை. ஆனால் இருப்பதாக வைத்துக்கொண்டால், 1.60-க்குப் பதில் 1.99 போட்டவுடன் கோளின் நிறை 16 சதவீதம் ஏறிவிடும். கோள் ஒன்றும் செய்யவில்லை, பாவம். கடப்பு முறையிலும் (கோள் விண்மீனின் முன்னே கடக்கும்போது ஒளி மங்குவதை அளப்பது) இதே கதைதான்: அங்கே விண்மீனின் ஆரம் எத்தனை சதவீதம் தப்போ, கோளின் ஆரமும் அத்தனை சதவீதம் தப்பு.

இவ்வளவு சிக்கல் இருந்தும் முதிர்ந்த விண்மீன்களை ஏன் தேடிப் போகிறோம்? சூரியனைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு நிறையுள்ள விண்மீன்கள் இளமையில் சூடானவை, வேகமாகச் சுழல்பவை. நிறமாலைக் கோடுகள் குறைவு, இருப்பதும் அகண்டு மழுங்கிக் கிடக்கும். அதில் நொடிக்குச் சில மீட்டர் அசைவைப் பிடிப்பது நடக்காத காரியம். அதே விண்மீன் வயதாகி, உப்பி, குளிர்ந்து, சுழற்சி தணிந்தபின் கோடுகள் கூர்மையாகிவிடும். அப்படித்தான் 2002-இல் அயோட்டா டிராகோனிஸ் என்ற பெருமீனை (இப்படி உப்பிய முதிர்ந்த விண்மீன்)ச் சுற்றி 511 நாள் சுற்றுக்காலத்தில் ஒரு கோள் கிடைத்தது. போலக்ஸ் விண்மீனின் கோள் 2006-இல் உறுதியானது. சரி, இனி அளக்கும் வேலைக்கு வருவோம்.

பட்டியலில் எடுக்கும் எண்ணிலிருந்தே சந்தேகப்படுங்கள்

முதலில் பொலிவெண்கள் (விண்மீன் எவ்வளவு பிரகாசம் என்பதைச் சொல்லும் எண்கள்), தூரம். இரண்டையும் பட்டியல்களிலிருந்து எடுப்போம். இங்கேதான் நான் முதல் அடி வாங்கினேன். ஒரு பிரகாசமான பெருமீனுக்கு, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் அகச்சிவப்பு கே பட்டைக்கும் உள்ள பொலிவெண் வித்தியாசத்தை வைத்து வெப்பநிலை கணக்கிட்டேன். நிறமாலை சொன்னதைவிட 200 கெல்வின் கூட வந்தது. நிறமாலையில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, இரண்டு வாரம் இரும்புக் கோடுகளை ஒவ்வொன்றாக மறுபடி அளந்தேன். கடைசியில் பார்த்தால், டூமாஸ் என்ற அகச்சிவப்புப் பட்டியலில் அந்தக் கே அளவுக்குப் பக்கத்தில் 'டி' என்று ஒரு எழுத்து. உணரி ஒளியில் திணறிப்போன அளவு அது. பிழைப் பத்தியிலும் 0.2-க்கு மேல் தெளிவாகவே போட்டிருந்தார்கள். நான்தான் அந்தப் பத்தியை இறக்காமல் விட்டிருந்தேன். இந்த வகை விண்மீனில் பொலிவெண் 0.2 பிசகினால் வெப்பநிலை 150, 200 கெல்வின் தள்ளிப்போகும். ஆகவே தர எழுத்தும் பிழைப் பத்தியும் இல்லாமல் எந்த எண்ணையும் இறக்காதீர்கள்.

தூரத்துக்குக் கயா விண்கலத்தின் இடமாறு கோணம் (பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் கோணம்). அதோடு வரும் ரூவீ என்ற எண் (ஒற்றை விண்மீன் என்ற கணக்கோடு அளவு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதைச் சொல்வது) 1.4-ஐத் தாண்டினால், கண்ணுக்குத் தெரியாத துணை விண்மீன் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று யோசியுங்கள். மிகப் பிரகாசமான விண்மீன்களுக்குக் கயாவும் திணறியது. அங்கே பழைய ஹிப்பார்க்கோஸ் விண்கலத்தின் அளவே இன்னும் கைகொடுக்கிறது.

நிறமாலை: மூன்று திருகுகள்

பிரிதிறன் 50,000-க்குக் குறையாமல், குறிகை–இரைச்சல் விகிதம் 150 பக்கம் இருந்தால் நிம்மதி. நடுநிலை இரும்பின் கோடுகள் ஒரு நூறாவது, ஓர் எலெக்ட்ரானை இழந்த இரும்பின் கோடுகள் ஒரு டஜனாவது வேண்டும். ஒவ்வொரு கோட்டிலிருந்தும் இரும்பின் அளவைக் கணக்கிடுங்கள். எளிதில் கிளறப்படும் கோடும் கடினமாகக் கிளறப்படும் கோடும் ஒரே அளவைச் சொன்னால் வெப்பநிலை சரி. நடுநிலை இரும்பும் மின்னேறிய இரும்பும் ஒத்துப்போனால் மேற்பரப்பு ஈர்ப்பு சரி. மெலிந்த கோடும் தடித்த கோடும் ஒரே பதிலைத் தந்தால் நுண்கொந்தளிப்பு (கோடுகளை அகலமாக்கும் வாயுவின் சின்ன அளவு அசைவு) சரி. கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் ஒரு திருகைத் திருப்பினால் மற்ற இரண்டும் கூடவே நகரும்.

பெருமீனில் கூடுதல் தலைவலி, நெரிசல். கோட்டின் இரண்டு பக்கமும் தொடர்ச்சி மட்டத்தை (கோடு இல்லாத இடத்தில் ஒளியின் மட்டம்) தேடினால் சமதளமே இருக்காது. சின்னச் சின்னப் பள்ளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். மட்டத்தைக் கொஞ்சம் கீழே வரைந்துவிட்டால் கோடு மெலிந்ததாகத் தெரியும். அப்புறம், கார்பன்–நைட்ரஜன் மூலக்கூறின் கோடுகள் மின்னேறிய இரும்பின் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். அதை இரும்பு என்று எண்ணி அளந்தால் ஈர்ப்பு இருப்பதைவிடக் குறைவாக வரும். அந்த ஒரு டஜன் கோடுகளில் சுத்தமாக ஆறுதான் தேறினால், ஆறை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நிறமாலையில் வந்த ஈர்ப்பிலிருந்து நேரடியாக நிறையைக் கணக்கிடவே கூடாது. ஈர்ப்பை மடக்கை அளவில் சொல்கிறோம். அதில் 0.1 பிழை என்பது இங்கே சாதாரணம். ஆனால் அந்த 0.1, ஆரம் துல்லியமாகத் தெரிந்தாலும், நிறையில் 26 சதவீதம். நான் நிறமாலையிடம் வெப்பநிலையையும் உலோகச்செறிவையும் (ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த தனிமங்களின் அளவு) மட்டும்தான் கேட்பேன். ஈர்ப்பை அதிர்விலிருந்து எடுத்து நிலைநிறுத்திவிட்டு, மற்ற இரண்டையும் மறுபடி ஓட்டுவேன்.

ஆரம்

குறுக்கீட்டுமானியில் கோண விட்டம் கிடைத்தால் அதிர்ஷ்டம். மில்லி விகலையில் (பாகையின் 36 லட்சத்தில் ஒரு பங்கு) உள்ள விட்டத்தையும் பார்செக்கில் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) உள்ள தூரத்தையும் பெருக்கி, 0.1075-ஆல் பெருக்கினால் சூரிய ஆரத்தில் விடை. எச்டி 185351-க்கு விட்டம் 1.132, தூரம் 40.8. விடை 4.97. விளிம்பு மங்கலுக்கு (விண்மீனின் ஓரம் நடுவைவிட மங்கலாகத் தெரிவது) திருத்திய விட்டமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குறுக்கீட்டுமானிக்கு எட்டாத விண்மீன்களுக்கு, எல்லாப் பட்டைகளிலும் வரும் ஒளியைக் கூட்டி, தூரத்தை வைத்து ஒளிர்வு கண்டு, வெப்பநிலையிலிருந்து ஆரத்துக்கு வரலாம். வழியில் உள்ள தூசி மறைக்கும் ஒளியைத் திருத்த மறந்தால் ஆரம் சிறுத்துப்போகும்.

அதிர்வுகள்

விண்மீனின் மேற்பரப்பு மணி போல அதிர்கிறது. கெப்ளர், டெஸ் போன்ற விண்கலங்கள் எடுத்த ஒளி அளவுகளில் அது தெரியும். நமக்கு இரண்டு எண்கள் வேண்டும். அதிர்வுகள் உச்சத்தில் இருக்கும் அதிர்வெண் ஒன்று. அடுத்தடுத்த அதிர்வெண்களுக்கு இடையே உள்ள சீரான இடைவெளி இன்னொன்று. சூரியனுக்கு இவை ஏறத்தாழ 3090, 135.1 மைக்ரோஹெர்ட்ஸ். எச்டி 185351-க்கு 229.8, 15.4. வெப்பநிலை 5042 கெல்வின், சூரியனுக்கு 5777.

கால்குலேட்டரை எடுங்கள். மூன்றையும் சூரியனின் எண்ணால் வகுத்தால் 0.0744, 0.1140, 0.873. முதல் எண்ணின் மும்மடியை இரண்டாவதின் நான்காம் படியால் வகுத்து, மூன்றாவதின் ஒன்றரைப் படியால் பெருக்குங்கள். 1.99 வருகிறதா? அதிர்வு தரும் நிறை இதுதான். ஆரத்துக்கு, முதல் எண்ணை இரண்டாவதின் இருமடியால் வகுத்து, மூன்றாவதின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். 5.35. குறுக்கீட்டுமானி சொன்னதோ 4.97.

இப்போது இன்னொரு வழி. உச்ச அதிர்வெண்ணைத் தொடவே வேண்டாம். இடைவெளி என்பது விண்மீனின் சராசரி அடர்த்தியைச் சொல்கிறது. அடர்த்தியும் ஆரமும் தெரிந்தால் நிறை தெரியும். 0.1140-இன் இருமடியை 4.97-இன் மும்மடியால் பெருக்குங்கள். 1.60. தொடக்கத்தில் சொன்ன மூன்று எண்களில் இரண்டு உங்கள் கையாலேயே வந்துவிட்டன. தகராறு எங்கே என்பதும் தெரிகிறது: முதல் வழியில் உச்ச அதிர்வெண்ணின் 3 சதவீதப் பிழை நிறையில் 9 ஆகிறது, இடைவெளியின் பிழை நான்கு மடங்காகிறது. போதாததற்கு, சூரியனுக்குப் பொருத்திய விதியை ஐந்து மடங்கு பெரிய விண்மீன் வரை நீட்டி இழுக்கிறோம். ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களில் உள்ள பெருமீன்களை வைத்துச் சோதித்தபோது, திருத்தம் செய்யாத விதி ஆரத்தை 5 சதவீதமும் நிறையை 15 சதவீதமும் தூக்கிச் சொன்னது. 1.99-ஐ அந்த அளவுக்கு இறக்கினால் 1.73. முழுசாகத் தீரவில்லை, ஆனால் எந்தப் பக்கம் நகர்கிறது பாருங்கள். பிறகு தனித்தனி அதிர்வெண்களையே மாதிரிகளோடு பொருத்திச் செய்த வேலையும் 1.6 பக்கம்தான் வந்து நின்றது.

அதனால் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுக்காதீர்கள். சராசரி 1.82 என்பது எந்த வழியிலும் வராத ஒரு எண்.

மாதிரிகளிடம் கேட்கும்போது

அதிர்வு கிடைக்காத விண்மீனுக்குப் பரிணாம மாதிரிகள்தான் கதி. மிஸ்ட், பார்செக் என்று தொகுப்புகள் இருக்கின்றன. (தூரத்தின் அலகும் பார்செக், மாதிரியின் பெயரும் பார்செக். யார் வைத்தார்களோ.) வெப்பநிலை–ஒளிர்வு வரைபடத்தில் பெருமீன்கள் இருக்கும் கிளையில் வெவ்வேறு நிறைகளின் பாதைகள் நூல் இழைபோல ஒட்டிக்கொண்டு ஓடும். 100 கெல்வின் பிசகினால் ஒரு பாதையிலிருந்து தாண்டி வேறொன்றில் போய் உட்கார்ந்துவிடுவீர்கள். எனவே, ஒவ்வொரு கட்டத்திலும் விண்மீன் எவ்வளவு காலம் தங்குகிறது என்பதைக் கணக்கில் எடுக்கும் நிரலையே பயன்படுத்துங்கள். இரண்டு சூரிய நிறையுள்ள விண்மீன் துணைப் பெருமீன் கட்டத்தை (பெருமீனாகும் முன் வரும் இடைக்கட்டம்) ஓட்டமாய் ஓடிக் கடந்துவிடும். அந்தக் கட்டத்தில் அப்படிப்பட்டவை உங்கள் பட்டியலில் நிறைய இருந்தால் பட்டியல்தான் தப்பு. 2011-இல் இதே வாதத்தை வைத்துத்தான், கோள் தேடலில் இருந்த துணைப் பெருமீன்களின் நிறைகள் கூட்டிச் சொல்லப்பட்டவை என்ற சர்ச்சை கிளம்பியது.

இன்னொரு குழப்பம், கிளையில் ஏறிக்கொண்டிருக்கும் விண்மீனும், உச்சிவரை போய்த் திரும்பி வந்து மையத்தில் ஹீலியம் எரிக்கும் விண்மீனும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பது. நிறையும் வயதும் வேறு வேறாக வரும். அதிர்வுகளின் கால இடைவெளி (முன்பு சொன்ன அதிர்வெண் இடைவெளி அல்ல, அடுத்தடுத்த அதிர்வுகளின் அலைவுக் காலங்களுக்கு உள்ள வித்தியாசம்) 100 நொடிக்குக் கீழே இருந்தால் ஏறுகிறது, அதற்கு வெகு மேலே இருந்தால் ஹீலியம் எரிகிறது. 2011-இல் கெப்ளர் தரவில் இது பிரிந்து தெரிந்தது. ஆனால் நீண்ட காலத் தரவு வேண்டும். டெஸ்ஸின் 27 நாள் போதாது. அப்போது இரண்டு விடைகளையும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்பதையும் எழுதிவிடுங்கள்.

சுழற்சிக் கணக்கை விடாதீர்கள்

ஆரம் கிடைத்தவுடன் நான் முதலில் செய்வது ஒரு வரிக் கணக்கு. சூரிய ஆரத்தில் உள்ள ஆரத்தை, நிறமாலையில் தெரியும், நொடிக்குக் கிலோமீட்டரில் உள்ள சுழற்சி வேகத்தால் (அச்சு சாய்ந்திருந்தால் உண்மை வேகம் இதைவிடக் கூட) வகுத்து 50.6-ஆல் பெருக்கினால் சுழற்சிக் காலத்தின் மேல்வரம்பு, நாட்களில். ஆரம் 10, வேகம் 1 என்றால் 506 நாள். பெருமீன்களைச் சுற்றும் கோள்களின் சுற்றுக்காலமும் இதே அளவில்தான் வருகிறது! மேற்பரப்பில் உள்ள ஒரு கறை சுற்றி வந்தாலே கோள் போலத் தோன்றும். வேகம் 2-க்குக் கீழே போனால் வெளிக்கொந்தளிப்பும் (மேற்பரப்பு வாயுவின் பெரிய அளவு அசைவு) சுழற்சியும் கோட்டின் அகலத்தில் பிரிக்க முடியாமல் கலந்துவிடும் என்பதால், இந்தக் கணக்கில் வேகத்தின் பிழையைத் தாராளமாகவே வையுங்கள்.

காமா டிராகோனிஸ் என்ற பெருமீன் இன்னும் மோசம். 2003 முதல் 2011 வரை ஆரத்திசைவேகத்தில் 702 நாள் சுற்றில் அழகான அலை. கோள் என்றுதான் யாரும் சொல்வார்கள். 2011-இலிருந்து 2013 வரை அலை ஏறக்குறைய காணாமல் போனது. 2014-இல் திரும்பி வந்தது, கட்டம் மாறி. கோள் அப்படி விடுப்பு எடுக்காது.

விண்மீனின் அதிர்வு ஆரத்திசைவேகத்திலும் ஆட்டம் காட்டும். ஒளிர்வை நிறையால் வகுத்து (இரண்டும் சூரியனின் மடங்கில்) 0.23-ஆல் பெருக்கினால் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று ஆட்டத்தின் அளவு வரும். எச்டி 185351-க்கு 2 மீட்டர் சொச்சம், ஓர் ஆட்டத்துக்கு 72 நிமிடம். பத்து நிமிடம் பதிவு செய்து ஓடிவந்துவிட்டால் அலையின் ஒரு முனை மட்டுமே கிடைக்கும். ஒரே இரவில் இடைவெளி விட்டு மூன்று நான்கு தடவை எடுங்கள்.

கடைசியாக அட்டவணை. நிறை, ஆரம், வயது என்று மூன்று பத்தியோடு முடித்துவிடாதீர்கள். எந்த வெப்பநிலை, எந்த இடமாறு கோணம், எந்த இரண்டு அதிர்வெண்கள், சூரியனுக்கு எந்த எண்கள், எந்த மாதிரித் தொகுப்பு என்பதையும் அதே வரியில் போடுங்கள். திருத்தம் சேர்த்ததா இல்லையா என்று ஒரு பத்தி. நிறையும் ஆரமும் சேர்ந்தே நகர்பவை என்பதால், முடிந்தால் மாதிரிகள் தந்த முழுப் பரவலையும் கோப்பாகவே கொடுத்துவிடுங்கள். அடுத்தவர் புது வெப்பநிலை ஒன்றை எடுத்து வரும்போது, உங்களுக்குக் கடிதம் எழுதாமலேயே ஐந்து நிமிடத்தில் மறுகணக்குப் போட்டுவிடலாம்.