95 சதவீதத்தை நம்பாதீர்கள்: எண்ணெய், எரிவாயுத் திட்டங்களில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற வாரம் ஓர் இளம் பொறியாளர் தன் வாராந்தர அறிக்கையைக் காட்டினார். 'குழாய் வேலை 95 சதவீதம் முடிந்தது' என்ற வரி பச்சை நிறத்தில் இருந்தது. எனக்கு வயிறு கலங்கியது. திட்ட மேலாண்மைக்கு வந்த புதிதில் இதே வரியை நானும் பச்சையில் எழுதியிருக்கிறேன். கூட்டத்துக்குத் தாமதமாக வருவது போன்ற குறைகளை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்லாவிட்டால் தெரியாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

சதவீதத்தை நம்புவது

அப்போது, எரிவாயுவை அழுத்திக் குழாயில் தள்ளும் ஒரு கம்ப்ரசர் நிலையம் கட்டிக்கொண்டிருந்தோம். கால அட்டவணை என் பொறுப்பு. வெல்டிங் வேலையை விட்டத்தின் அங்குலத்தில் அளப்பது வழக்கம். 24 அங்குலக் குழாயில் ஓர் இணைப்பை முடித்தால் கணக்கில் 24 ஏறும். 1 அங்குலக் குழாயில் முடித்தால் ஒன்றுதான் ஏறும். ஒப்பந்ததாரருக்குப் பணமும் அந்தக் கணக்கில்தான். பெரிய குழாய்களெல்லாம் மளமளவென்று முடிந்தன. எண் 60, 80, 95 என்று ஏறியது. அதை நம்பி, நிலையம் தொடங்கும் நாளை மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த நாள் வந்தபோது ஒரு கட்டுப்பாட்டு வால்வுகூட அசையவில்லை. அவற்றை அசைக்கும் காற்று சின்னச் சின்னக் குழாய்களில் வர வேண்டும். அந்தக் குழாய்கள்தான் மிச்சமிருந்த 5 சதவீதம்! காற்றும் மின்சாரமும் எரிபொருள் வாயுவும் வந்த பிறகுதான் கம்ப்ரசர் ஓடும். கட்டுபவர்கள் இடம் இடமாகக் கட்டுகிறார்கள்; இயக்குபவர்கள் காற்று, மின்சாரம், எரிபொருள் என்று சிஸ்டம் சிஸ்டமாகத் தொடங்குகிறார்கள். இந்த வேறுபாட்டை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான்கு மாதங்கள் போயின. கம்ப்ரசரை ஓட்டிக் காட்ட வந்த நிபுணர்கள் நாள் கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். இன்றும் அதை நினைத்தால் எரிகிறது.

சதவீதம் கையில் வந்தால் இவற்றைக் கேளுங்கள்: எந்த சிஸ்டம் முடிந்தது? அதன் அழுத்தச் சோதனை ஆயிற்றா? மிச்ச வேலைகளையும் குறைகளையும் எழுதிவைக்கும் பஞ்ச் லிஸ்டில், தொடங்குவதற்கு முன் சரிசெய்தே ஆக வேண்டியவை எத்தனை? கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒவ்வொரு வால்வையும் அசைத்துப் பார்த்துக் கையெழுத்திட்டார்களா? பிறகு வரைபடத்தை எடுத்துக்கொண்டு, குழாயோடு நடந்து, கண்ணால் பார்த்ததை மட்டும் மஞ்சளில் தீட்டுங்கள். அந்த இளம் பொறியாளரை அப்படித்தான் அழைத்துப் போனேன். காற்றுக் குழாயின் பாதி, மஞ்சள் படாமலே திரும்பியது.

வாய்மொழி மாற்றம்

'சின்ன மாற்றம்தான், தாள் பிறகு வரும்' என்று யார் சொன்னாலும் வேலையை நிறுத்துங்கள். பணத்தகராறு மட்டுமல்ல இது. 1974இல் இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ரசாயன ஆலையில், பழுதான ஒரு கலனைக் கழற்றிவிட்டுத் தற்காலிகக் குழாய் பொருத்தினார்கள். அதற்கு இருந்த வரைபடம், பட்டறைத் தரையில் சாக்கட்டியால் போட்டது. அந்தக் குழாய் முறிந்து ஏற்பட்ட வெடிப்பில் 28 பேர் இறந்தார்கள்.

தளத்தைப் பார்க்காமல் திட்ட மேலாண்மைப் படிப்புச் சான்றிதழ்களைச் சேர்ப்பது

வேண்டாம். முதலில் ஓர் அழுத்தச் சோதனையைத் தொடக்கம் முதல் முடிவு வரை நின்று பாருங்கள்.

பெரிய இயந்திரங்களுக்குத் தாமதமாக ஆர்டர் கொடுப்பது

கம்ப்ரசர் வந்து சேர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம்.

இயக்குபவர்களைக் கடைசியில் அழைப்பது

எட்டாத உயரத்தில் வால்வை வைத்திருக்கிறோம் என்று அவர்கள்தான் சொல்வார்கள். வரைபடம் தாளில் இருக்கும்போதே கூப்பிடுங்கள்.