ஏர் பேக் காற்று இறங்கியது: காரணம் ட்யூபின் நுனி

டைல்ஸ் ஏற்றினால் பிக்கப்பின் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது என்று சேஸிஸுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஏர் பேக் (காற்றடைத்துப் பாரம் தாங்கும் ரப்பர் பை) போட்டேன். லோடோடு ராத்திரி நிறுத்தினால் காலையில் இடது பக்கம் மட்டும் சாய்ந்து கிடக்கும், காலி வண்டியில் ஒன்றும் தெரியாது. பேக்கில்தான் ஓட்டை என்றார் மெக்கானிக். கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினோம், குமிழியே இல்லை. புதுப்பேட்டையில் வால்வு பின் வாங்கி மாற்றியும் அதே கதை.

கடைசியில் லோடை இறக்காமலே இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் விட்டால், பேக்கின் மேல் எல்போவில் (காற்று ட்யூப் வந்து சேரும் வளைந்த இணைப்பில்) நுரை பொங்குகிறது! காற்றை இறக்கி ட்யூபை உருவினேன். நுனி சாய்வாக, நசுங்கி இருந்தது. மாட்டிய கடையில் கட்டிங் பிளேயரால் வெட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரி அழுத்திச் செருகும் ஃபிட்டிங்கில் உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்தான் காற்றைப் பிடிக்கிறது, ட்யூப் உருண்டையாக இல்லாவிட்டால் அது சுற்றிலும் பதியாது, லோடு ஏறி அழுத்தம் கூடும்போது கசியும். புது பிளேடால் நேராக வெட்டி, முழுசாக உள்ளே தள்ளி, இழுத்துப் பார்த்து, பக்கவாட்டில் இழுபடாதபடி கொஞ்சம் தளர்வாகக் கட்டினேன். இப்போது காற்று நிற்கிறது, நிம்மதி.

ட்யூபை சைலன்சர் பக்கம் விடாதீர்கள், உருகும். அப்புறம், பேக் போட்டதால் ஆர்சியில் உள்ள எடை வரம்பு கூடிவிடாது.