பிரேயஸ்ல கப்பல் ஏற

தங்கச்சி, அட்டன்ல கோச்சி பிடிச்சுப் பழகின உனக்கு கிரேக்கத் தீவுக் கப்பல் பெரிய விஷயமில்ல. ஏதென்ஸ்லருந்து மெட்ரோவுல பிரேயஸ் துறைமுகம் போ. உன் கப்பல் துறைமுகத்துல எந்த வாசல்னு முதல்லயே பார்த்துக்க. நான் தெரியாம பெட்டிய இழுத்துக்கிட்டு நடந்தே களைச்சுப் போனேன். சன்டோரினித் தீவுக்குப் பெரிய கப்பல் 8 மணித்தியாலம் மட்டில் எடுக்கும். வேகக் கப்பல் 5 மட்டில், ஆனா காசு கூட, ஆட்டமும் கூட. பெருசுலயே போ, மேல்தட்டுல காத்து வாங்கலாம். பலகையில "தீரா"ன்னு இருந்தா குழம்பாத, அதுதான் சன்டோரினி. பெட்டிய வாகனத் தட்டுல, தீவுப் பேர் எழுதின இடத்துல வை. தீவு வர முன்னாடியே கீழ வந்து நில்லு. கொட்டகலையில கோச்சி நிக்கிற மாதிரி கொஞ்ச நேரந்தான். ஆடி, ஆவணியில மெல்தெமி காத்து பலமா அடிச்சா கப்பலையே விடமாட்டாங்க. அதனால பிளைட்டுக்கு முதல்நாளே ஏதென்ஸ் திரும்பிடு.