சிப்புக்குள் கைமுறுக்கு சுற்றும் கணக்கு

கானாடுகாத்தானில் இருக்கும் என் அப்பத்தாவுக்குச் சர்க்கரை. விழித்திரையைப் பார்க்க ஓ.சி.டி. (ஒளியால் அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஸ்கேன்) எடுக்கச் சொன்னார்கள். கூன் விழுந்த முதுகு, தாடை வைக்கும் இடத்தில் முகம் நிற்கவில்லை. “மெசினை என் கிட்ட கொண்டாந்தா என்னடா?” என்றார். அந்த மெசினைக் கையடக்கமாக்க, ஒளி ஓடும் சிப் ஒன்றை நான் வரைய உட்கார்ந்தது அதற்கப்புறம்தான்.

ஓ.சி.டி. ஒளியை இரண்டாகப் பிரிக்கும். ஒன்று கண்ணுக்குப் போய்த் திரும்பும், மற்றது நமக்குத் தெரிந்த தூரம் போய்த் திரும்பும். இரண்டும் ஏறக்குறையச் சமமாக இருந்தால்தான் படம். மேசைக் கருவியில் இந்த இரண்டாம் பாதைக்கு ஆடி வைப்பார்கள். சிப்பில் அதையே வேவ்கைடாக, அதாவது ஒளி ஓடும் மெல்லிய தடமாக, கைமுறுக்குப் போலச் சுற்றிவிடலாம். இந்த ஸ்கேனுக்கான 840 நானோமீட்டர் ஒளியைச் சிலிக்கான் விழுங்கிவிடும், அதனால் தடத்துக்குச் சிலிக்கான் நைட்ரைடு எடுங்கள். திரும்பி வரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் ஸ்பெக்ட்ரோமீட்டரையும் முதல் சிப்பிலேயே திணிக்க ஆசைப்படாதீர்கள்.

முதலில் கண் பக்கத்தை அளக்க வேண்டும். கருவிழியிலிருந்து விழித்திரை வரை சுமார் 24 மி.மீ. உள்ளே இருப்பது நீர் போன்ற பொருள், அதில் ஒளி மெதுவாகும் என்பதால் அது காற்றில் 32 மி.மீ. போவதற்குச் சமம். சிப்பிலிருந்து கருவிழி வரை, லென்ஸின் தடிமனுக்கும் கணக்குப் போட்டு, எனக்கு 118 வந்தது. ஆக 150 மி.மீ.

வேவ்கைடுக்குள் ஒளி மெதுவாகப் போவதால் இதைவிடக் குறைந்த நீளம் போதும், வகுத்துப் பார்க்க வேண்டும். எதால் வகுப்பது? இங்கேதான் நான் வழுக்கினேன். வேவ்கைடில் ஒரே நிற ஒளியின் அலை முகடு எவ்வளவு மெதுவாகும் என்று சொல்லும் எஃபெக்டிவ் இண்டெக்ஸ் 1.6 என்று மென்பொருள் காட்டியது, அதால் வகுத்து 94 மி.மீ. சுற்றினேன். வகுக்க வேண்டியது குரூப் இண்டெக்ஸால், அதாவது பல நிறம் கலந்த ஒளி மொத்தமாக எவ்வளவு மெதுவாகும் என்ற எண்ணால். என் வடிவமைப்பில் அது 2, அதனால் 75 மி.மீ. போதும். மாதக்கணக்கில் காத்திருந்து வந்த சிப்பில் சிக்னலே இல்லை. ஓ.சி.டி. ஒரு நேரத்தில் பார்க்கும் ஆழம் இரண்டு மூன்று மி.மீ.தான், என் 94 மி.மீ. சுருளோ ஒளிக்கு 188 மி.மீ., நான் தவறியது 38. கண்ணுக்குப் பதிலாகச் சோதனைக்கு வைத்த ஆடியை அவ்வளவு தூரம் பின்னால் தள்ளியதும் சிக்னல் எழுந்தது. சந்தோஷம்தான், ஆனால் கையடக்கப் பெட்டிக்குள் அந்த 38 மி.மீ.க்கு எங்கே போவது?

சரி, இண்டெக்ஸைச் சரியாக எடுத்தாலும் தயாரிப்பில் ஒரு சதவீதம் பிசகினால் 1.5 மி.மீ. தள்ளிப்போகும். அதனால் ஒரே சிப்பில் 74, 75, 76 என மூன்று சுருள் வரைந்துவிடுங்கள். லென்ஸ் பிடிப்பானையும் சில மி.மீ. நகரும்படி செய்யுங்கள். வெளிவரும் ஒளியின் திறனைப் பவர் மீட்டரில் அளந்து, ஆடியிலும் செயற்கைக் கண்ணிலும் பார்த்து முடிக்கும்வரை மனிதக் கண்ணை அதன் முன்னே கொண்டுபோகக் கூடாது, அப்பத்தா எத்தனை முறை கேட்டாலும்.