திருவிழா முடிந்தவுடன் குடி திரும்புவது ஏன்: என் அனுபவம்

நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒரு சொட்டுத் தொடமாட்டேன். கொடி இறங்கி இரண்டு நாளில் தவறணையில் நிற்பேன். நாலு வருடம் இதே கதை.

பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன், நிற்கவில்லை. தனியே சடுதியாக நிறுத்தி, கை நடுங்கி நித்திரையில்லாமல் கிடந்தேன். அது வலிப்பு வரை போகும் என்று டொக்டர் ஏசினார். மருந்தோடு நிறுத்தினேன், ஐந்து கிழமைதான்.

அப்புறம்தான் பின்னேரம் ஐந்தரை மணிதான் சிக்கல் என்று பிடிபட்டது. திருவிழா நாளில் அந்த நேரம் கோயில் வீதியில் நிற்பேன். மற்ற நாளில் வெறும் வயிற்றோடு தவறணைப் பக்கத்தால் சைக்கிளில் வருவேன். குடியை விட்டவர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜோர்ஜ் வைலன்ட், குடி திரும்பாமலிருக்க உதவுவதாகக் கண்ட காரணிகளிலும் குடிக்குப் பதிலான பிடிப்பு ஒன்று, வெளியார் கண்காணிப்பு இன்னொன்று.

சரி, பாதையை மாற்றினேன். ஐந்து மணிக்கே இரண்டு வாழைப்பழம். ஐந்தரைக்கு வாசிகசாலை வளவில் பெடியளுக்குக் கரப்பந்தாட்டம் பழக்குகிறேன். டொக்டர் தந்த டைசல்பிராம் குளிசையைக் காலையில் மனைவிக்கு முன்னால்தான் விழுங்குவேன். அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து சத்தி வரும்.

இந்த வருடம் கொடி இறங்கிய மறுநாள் ஐந்தரைக்கு வலை கட்டிக்கொண்டு நின்றேன்.